பின்சக்கரத்தில் கொஞ்சம் ஈரம்

ஹைதராபாத்தில் பழைய ஜீப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றிலிருந்து கசியும் எண்ணெய்க்கும்தான்.

டேங்க் பண்ட் சாலை ஹுசைன் சாகர் ஏரிக்கரையோடு வந்து செகந்தராபாத் பக்கம் இறங்கும் இடத்தில் இருக்கிறது ராணிகஞ்ச். சுற்றுலாக் கையேடுகள் கண்டுகொள்ளாத பேட்டை. சார்மினாருக்கும் கோல்கொண்டாவுக்கும் போகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை. பம்புசெட்டு, பேரிங், பெல்ட், பைப், போல்ட், நட்டு என்று இரும்பும் ரப்பரும் கலந்து மணக்கும் கடைகள். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே கைவண்டி ஒன்று கட்டாயம் மாட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஆயில் சீல் விற்கும் கடைகளில் வியாபாரம் நடக்கும் விதமே தனி. வாடிக்கையாளர் செய்தித்தாளில் சுற்றிய கருப்பு வளையம் ஒன்றைக் கவுன்ட்டரில் வைக்கிறார். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து, விளிம்பில் பொறித்திருக்கும் மூன்று எண்களைப் படிக்கிறார். முதலாவது தண்டின் குறுக்களவு, அடுத்தது வளையம் உட்காரும் குழியின் குறுக்களவு, மூன்றாவது வளையத்தின் அகலம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. எந்த வண்டி என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான அட்டைப் பெட்டிகளில் ஒன்றை உருவி எடுக்கிறார். இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். புது சீல் போட்ட ஜீப்புகளில் சில, இரண்டே மாதத்தில் அதே சக்கரத்தில் அதே ஈரத்தோடு பட்டறைக்குத் திரும்பி வருகின்றன. "டூப்ளிகேட் மால்" என்று பழி கடைக்காரர் மேல் விழும். போலி உதிரி பாகங்களுக்கு நாட்டில் குறைவில்லைதான். ஆனால் இந்த வழக்கில் பல சமயம் சீல் நிரபராதி.

இத்தனை பழைய ஜீப்புகள் இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதற்கு ஒரே பதில் கிடையாது. செகந்தராபாத் 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் உருவான ராணுவக் குடியிருப்பு. மதராஸ் ராணுவத்தோடு வந்த தமிழர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். பத்மாராவ் நகர் என்று இன்று அழைக்கப்படும் பகுதிக்குப் பெயர் கொடுத்தவர் பத்மாராவ் முதலியார். அங்கே ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகைக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் திருத்தணி நினைவுக்கு வரும். ராணுவம் இருக்கும் ஊரில் ராணுவ வண்டிகள் இருக்கும். அவை வயதாகி ஏலத்துக்கு வரும். அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி திருமலகிரியில்தான் இருக்கிறது. நாடெங்கிலும் ராணுவ வண்டிகளின் வயிற்றைத் திறந்து பார்ப்பவர்களில் ஏராளமானோர் பாடம் படித்த ஊர் இது. ஓய்வு பெற்ற பிறகு சைனிக்புரி, யாப்ரால் பக்கம் வீடு கட்டிக்கொண்ட முன்னாள் படைவீரர்களும் உண்டு.

ஜீப்பின் இந்திய வரலாற்றிலேயே ஹைதராபாத் வாடை கொஞ்சம் அடிக்கிறது. 1945-ல் மஹிந்திரா சகோதரர்களுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கிய குலாம் முகமது அதற்கு முன்பு நிஜாம் அரசில் நிதிப் பொறுப்பு வகித்தவர். பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, மஹிந்திரா அண்டு முகமது என்ற பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. 1940களின் கடைசியில் பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1989-ல் ஆல்வின் நிஸ்ஸானை வாங்கியதன் மூலம் ஹைதராபாத்துக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் ஜஹீராபாத் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரராகவும் ஆனது.

பிறகு மாருதி ஜிப்ஸி. 1985-ல் வந்து 2019 வாக்கில் சந்தையிலிருந்து விடைபெற்ற வண்டி. ஆந்திரப் பிரதேசத்தில் போலீஸ் என்றால் பல ஆண்டுகள் ஜிப்ஸியும் ஜீப்பும்தான். 2014 ஜூனில் தெலங்கானா பிறந்தது. அதே ஆண்டில் ஹைதராபாத் போலீஸுக்குப் புத்தம்புது இன்னோவாக்கள் வந்து இறங்கின. பழைய வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன. வார இறுதியில் சேறும் பாறையும் தேடிப் போகும் கணினிப் பொறியாளர்கள் பெருகிய நகரத்தில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஆள் கிடைக்காமல் போகுமா?

அந்தப் பொறியாளர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று, பின்சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பார்ப்பது. டயரின் உட்புறச் சுவரில் கருப்பாக ஒரு கோடு. பிரேக் டிரம்மை மூடியிருக்கும் தகட்டின் அடிப்பகுதியில் தூசி ஒட்டிய ஈரம். தரையில் நாலணா அளவில் ஒரு கறை. வண்டி வழக்கம்போல ஓடும். அதனால்தான் இந்தக் கோளாறைப் பலரும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

ஈரம் எல்லாம் ஒரே ஈரம் இல்லை. பின்சக்கரத்தருகே ஒழுகக்கூடிய திரவங்கள் இரண்டு. ஒன்று கியர் எண்ணெய். மற்றது பிரேக் திரவம். கியர் எண்ணெயில் கந்தகக் கலவை இருப்பதால் அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம் அடிக்கும். விரலில் பிசுபிசுக்கும். பிரேக் திரவம் நீர்த்தது, வழுவழுப்பானது, பட்ட இடத்தில் பெயின்ட்டை உரிக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கியர் எண்ணெய் மிதக்கும், பிரேக் திரவம் கரைந்துவிடும். கரைந்தால் கோளாறு சக்கரத்தின் பிரேக் சிலிண்டரில். ஆக்ஸிலை அன்று தொடவேண்டியதில்லை. இந்த ஒரு டம்ளர் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் ஆக்ஸிலைக் கழற்றி மாட்டிவிட்டு, மறுநாளும் அதே ஈரத்தைப் பார்த்து விழிப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

எண்ணெய்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, எங்கிருந்து? ஓடும் வண்டியில் காற்று எண்ணெயை எங்கெங்கோ இழுத்துப் பூசிவிடும். ஆக்ஸிலின் நடுவில், கிரவுன் பினியன் இருக்கும் உருண்டையின் முன்பக்கம் கசிந்தால் அது பினியன் சீல். உருண்டையின் மூடியைச் சுற்றிக் கசிந்தால் பேக்கிங். இரண்டுமே சக்கரம் வரை பரவி ஏமாற்றும். விவரமான மெக்கானிக் மண்ணெண்ணெய் போட்டு முழுவதையும் கழுவி, உலர்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்க்கிறார். பவுடரில் ஈரம் முதலில் எட்டிப் பார்க்கும் இடமே ஊற்றுக்கண். கல்யாண வீட்டுக்கு வாங்கிய பவுடர் டப்பா பட்டறையில் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனி, சீல். அந்தக் கருப்பு வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் மூன்று சமாச்சாரம் இருக்கும். வெளியே ஓர் இரும்புக் கூடு. உள்ளே ரப்பரால் ஆன மெல்லிய உதடு. உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க, கொலுசு மாதிரி சுற்றியிருக்கும் ஒரு நுண்ணிய சுருள் கம்பி. சுழலும் தண்டின் மேல் உதடு முழுக்க ஒட்டியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடியே எண்ணெயைத் தடுக்கிறது. படலம் இல்லாவிட்டால் உதடு கருகும், படலம் தடித்தால் ஒழுகும். இவ்வளவு நுட்பமான பொருளின் மூதாதை தோல் என்பதை வாணியம்பாடி, ஆம்பூர் வாசகர்கள் ரசிக்கலாம். ஜெர்மனியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த ஃப்ராய்டென்பெர்க் கம்பெனிதான் 1929 வாக்கில் தோலில் இத்தகைய சீல்களைச் செய்யத் தொடங்கி, 1930களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. அமெரிக்காவில் சீலுக்குப் பெயர்போன சிகாகோ ராஹைட் கம்பெனியின் பூர்வீகமும் தோல்தான்.

சாதாரண சீலின் ரப்பருக்கு எதிரி வெப்பம். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகி, உதடு நெகிழ்வை இழந்து வெடிக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டும் தெக்காண வெயிலில் வண்டியைப் பல மாதம் அசையாமல் போட்டுவைப்பதும் நல்லதல்ல. எண்ணெய் படாத உதடு உலர்ந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதுமையால் சாகும் சீல்கள் உண்டு. புது சீல் இரண்டு மாதத்தில் செத்தால் அது முதுமை இல்லை, வேறு யாரோ கொல்கிறார்கள்.

முதல் சந்தேக நபர் பிரீதர். ஆக்ஸில் குழாயின் மேல் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சிறு மூக்கு. உள்ளே சூடாகும் காற்று வெளியேறுவதற்கான துளை. சேறும் தூசியும் சேர்ந்து இது அடைத்துக்கொள்வதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. காலையில் 28 டிகிரியில் புறப்படும் வண்டியின் ஆக்ஸில் நெடுஞ்சாலை ஓட்டத்தில் 88 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய பாத்திரத்தில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய மூன்று பவுண்டு. கேட்க அற்பம்தான். ஆனால் மெல்லிய உதட்டைத் தூக்கி எண்ணெயை வெளியே தள்ள அது போதும். குக்கரின் விசில் ஓட்டை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் தெரியும். ஆக்ஸிலுக்கும் அதே நியாயம். பிரீதரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

அடைபட்ட பிரீதர் தலைகீழாகவும் வேலை செய்யும். இதை ஹைதராபாத்தின் மழை நன்றாகவே விளக்கும். 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் நகரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் தெருக்கள் ஆறாயின. ஜீப்பும் ஜிப்ஸியும் வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நாட்களில் தனி மிடுக்கு வந்துவிடும். சூடான ஆக்ஸில் முழங்கால் அளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. மூக்கு அடைத்திருப்பதால் சீல் வழியாகவே மூச்சை இழுக்கிறது. உள்ளிருப்பதை வெளியே விடாமல் காப்பதற்காகச் செய்யப்பட்ட உதடு, வெளியிலிருந்து வருவதை அவ்வளவு கறாராகத் தடுப்பதில்லை. காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகிறது. அடுத்த முறை ஆக்ஸிலின் அடி போல்ட்டைத் திறந்தால் வருவது எண்ணெய் இல்லை. நிறத்தில் அசல் இரானி சாய். அந்த நிறத்தைப் பார்த்த பிறகும் சீலை மட்டும் மாற்றி அனுப்புவது பாவம். பேரிங்கும் பற்சக்கரங்களும் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். முழுவதையும் வடித்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றவேண்டும். தண்ணீரில் அடிக்கடி இறங்குகிறவர்கள் பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி, அதன் நுனியை உயரமான இடத்தில் கட்டிவைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

இரண்டாவது ஆசாமி அதிகப்படியான எண்ணெய். ஜிப்ஸியின் பின் ஆக்ஸிலுக்கு வேண்டியது சுமார் ஒன்றரை லிட்டர்தான். வண்டி சமதரையில் நிற்க, ஊற்றும் துளையின் விளிம்பைத் தொட்டு வழியும்வரை ஊற்றினால் போதும். "கசிகிறதே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று சரிவில் நிறுத்தி ஊற்றினால் கசிவு கூடும். 90-க்குப் பதில் 140 நம்பர் எண்ணெய் ஊற்றிக் கசிவை நிறுத்தித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கெட்டி எண்ணெய் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். விற்கப்போகிற வண்டிக்குச் செய்யும் அலங்காரம் அது.

மூன்றாவது, பேரிங். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பேரிங் தேய்ந்து தண்டு நடுவிலிருந்து விலகிச் சுழன்றால் எந்த உதட்டாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஜிப்ஸியிலும் பிற்கால வில்லிஸ் வம்ச ஜீப்புகளிலும் தண்டே சக்கரத்தையும் தாங்குகிறது, திருப்பவும் செய்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜீப்பில் பாரத்தைச் சுமப்பது வெளிக்குழாய். தண்டுக்குத் திருப்பும் வேலை மட்டும். இரண்டு வகைக்கும் பேரிங் ஆட்டத்தின் விளைவு ஒன்றே இல்லை. ஜிப்ஸியில் பேரிங்கைத் தண்டோடு பிடித்து நிறுத்துவது இறுக்கமாக ஏற்றப்பட்ட ஒரு வளையம். அது விட்டுப்போனால் தண்டு, சக்கரத்தோடு சேர்ந்து வெளியே நடந்துவிடும். அதனால் பேரிங் மாற்றும்போது பழைய வளையத்தை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பது விதி. அதை உடைக்கும்போது உளியின் காயம் தண்டில் படவே கூடாது.

பழைய வில்லிஸ் வகைக்கு வேறு வித்தை வேண்டும். தண்டின் நுனி கூம்பு வடிவம். அதில் சாவிக்கட்டையோடு இறுகியிருக்கும் ஹப்பைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் தேவை. சுத்தியலால் தட்டினால் உள்ளே பேரிங் போகும். இந்தக் கனமான புல்லரைப் புதிதாகத் தேடி அலைபவர்களுக்கு வியாழக்கிழமைதான் கதி. புரானாபூல் பக்கம் கூடும் ஜுமேராத் பஜாரில் பழைய ஸ்பானர், வைஸ், துருவேறிய ஜாக்கி என்று தரையில் விரித்த சாக்குகளில் கிடக்கும் சாமான்களுக்கு நடுவே, அதிர்ஷ்டம் இருந்தால், அதுவும் அகப்படும். பேரம் பேச உருது தெரிந்திருப்பது நல்லது. "நக்கோ" என்று தக்காணப் பாணியில் தலையை ஆட்டத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. ஹப்பைக் கழற்றி, மீண்டும் மாட்டுகையில் தண்டின் நீளவாக்கு ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஆறு பங்குக்குள் இருக்க வேண்டும். தகட்டுக்குப் பின்னால் காகிதம்போல் மெல்லிய ஷிம்கள் இருப்பது அதற்காகவே. பிரித்தபோது அவற்றில் ஒன்று தொலைந்துபோனால், போட்ட புது சீலுக்கும் பேரிங்குக்கும் ஆயுள் அவ்வளவுதான்.

நான்காவது காரணம் தண்டிலேயே ஒளிந்திருக்கும். வருஷக்கணக்கில் உதடு உரசிய இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்துவிடும். இரும்பை ரப்பர் அறுக்குமா என்று கேட்கலாம். எறும்பு ஊர்ந்து கல்லே தேய்கிறபோது, உதட்டோரம் சிக்கிய மணல் துகள் இரும்பைத் தேய்க்காதா? நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடுக்கும். தடுக்கினால் புது சீல் எத்தனை போட்டாலும் கசியும். சீலை வழக்கமான இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, உதட்டைத் தேயாத இடத்தில் உட்கார வைக்க முடிந்தால் மலிவில் முடியும். இல்லையென்றால் பள்ளத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றலாம். அதுவும் இல்லையென்றால் லேத் பட்டறை, அல்லது வேறு தண்டு.

இத்தனையும் பார்த்த பிறகே ராணிகஞ்ச் வளையத்துக்கு வேலை. சுருள் கம்பி இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். ஒரு ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் இரும்புக் கூடு கோணிக்கொள்ளும். பழைய பேரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்துச் சீராக இறக்குவதே முறை. கடைசியில் தண்டை உள்ளே செலுத்தும்போதுதான் பல புது சீல்கள் பிறந்த அன்றே செத்துப்போகின்றன. தண்டின் உள்நுனியில் இருக்கும் பற்கள் ரம்பம் மாதிரி. முழு எடையையும் உதட்டின் மேல் சாய்த்துக்கொண்டு தள்ளினால் உதடு கிழிந்துவிடும். கீழே ஒரு கை தாங்கிப் பிடிக்க, நேராகப் போகவேண்டும். இந்த நேரத்தில் உஸ்தாத் பேசமாட்டார். அருகில் நிற்கும் எடுபிடிப் பையனும் பேசக்கூடாது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு, சொட்டுச் சொட்டாய்ப் போகும் எண்ணெயை வாரம் ஒருமுறை ஊற்றிக்கொண்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் டிரம்முக்குள் இருக்கிறது. சீலைத் தாண்டிய எண்ணெய் பேரிங் வழியாக நேராக பிரேக் ஷூ மேல் இறங்குகிறது. சமவெளியில், நகர நெரிசலில், மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மலையிறக்கத்தில் தெரியும். ஒரு பக்கத்துச் சக்கரம் பிடிக்க, மறுபக்கம் வழுக்க, உயரமான, குட்டையான ஜீப் தானாகவே திரும்பப் பார்க்கும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு விடியலில் மலையேறி மாலையில் இறங்கும் ஜீப்புகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் குடித்த ஷூவை என்ன செய்வது என்பதில்தான் பட்டறைகளின் யோக்கியதை வெளிப்படுகிறது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, உப்புத்தாளால் தேய்த்து, "புதுசு மாதிரி" என்று மாட்டிவிடுவது நாடு தழுவிய பழக்கம். மேலே எரிந்துவிடும். நுண்துளைகளுக்குள் போன எண்ணெய் அங்கேயே இருக்கும். அடுத்த நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறியதும் வியர்வை மாதிரி வெளியே வரும். எண்ணெய் ஏறிய ஷூவுக்கு ஒரே மருந்து குப்பைத்தொட்டி. அதுவும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் சமநிலை மறுபடி போச்சு. இன்னொன்று: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதுவது பட்டறையில் இருக்கும் எல்லோருடைய நுரையீரலுக்கும் ஊதுவதாகும். ஈரத்துணியால் துடைப்பதற்கு ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது. இதைச் செய்பவர்கள் குறைவு என்பது வருத்தம்.

பழைய வண்டியை ஓட்ட வைத்திருப்பது முன்னைப்போல் மலிவும் இல்லை. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தகுதிச் சோதனையில் பிரேக் சரியாகப் பிடித்தாக வேண்டும். 2023 ஏப்ரல் முதல், பாதுகாப்புப் பணிகளுக்கான சிறப்பு வண்டிகள் போன்ற சில விலக்குகள் தவிர, 15 ஆண்டான அரசு வண்டிகளை உடைக்கத்தான் அனுப்ப வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அரசு அலுவலக வாசல்களிலிருந்து ஏலத்தில் ஜீப் எடுத்த காலம் முடிகிறது. இருப்பவற்றைக் காப்பாற்றினால்தான் உண்டு.

காப்பாற்றியாகிவிட்டதா என்று பார்க்க ஹைதராபாத்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சோதனைக்களம் இருக்கிறது. நகரத்துக்கு மேற்கே சுமார் 75 கிலோமீட்டரில், விக்காராபாத்தை ஒட்டிய அனந்தகிரி மலை. ஹைதராபாத்தின் குறுக்கே ஓடும் மூசி நதி பிறக்கும் இடம். அனந்தபத்மநாப சுவாமி கோயிலும் உண்டு. செவெள்ளா வழியாகப் போனால் சாலையின் இருபுறமும் பழைய ஆலமரங்கள் கூரை போட்டிருக்கும். சாலையை அகலமாக்குவதற்காக அவற்றை வெட்டாமல் காப்பாற்றப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மலை ஒன்றும் பிரமாண்டம் இல்லை. நீலகிரியைப் பார்த்தவர்கள் இதை மேடு என்பார்கள். ஆனால் நல்ல வளைவுகள், செம்மண் கிளைப்பாதைகள், ஒரு மழைக்குப் பிறகு போதுமான சேறு.

போகும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? மேலே ஒரு சாய் குடித்துவிட்டு, தாழ்ந்த கியரில் இறங்கத் தொடங்கினால், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். அடிவாரத்தில் ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கிப் போய், புறங்கையைப் பின்சக்கர டிரம்மின் அருகே கொண்டுபோக வேண்டும். தொடக்கூடாது, பொத்துவிடும். பிறகு மறுபக்கம். ஒன்று கொதிக்க, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு சுட்டால், குனிந்து டயரின் உட்புறத்தைப் பார்க்கலாம். அங்கே செவெள்ளா சாலையின் செம்புழுதி உலர்ந்து படிந்திருக்கும்.